சூடான தகடு ஏன் சுருதி இறங்குகிறது?

ஒரே அளவில் வெட்டிய இரண்டு அலுமினியத் தகடுகளை எடுத்துக்கொள்வோம். 300 மில்லிமீட்டர் சதுரம், 3 மில்லிமீட்டர் தடிமன். ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிடுகிறோம். இன்னொன்றை அசைக்க முடியாத ஒரு கனமான சட்டத்துக்குள் பொருத்துகிறோம். அதன் நான்கு ஓரங்களும் கீல் வைத்த கதவுபோல் திரும்பலாம், ஆனால் பக்கவாட்டில் ஒரு இம்மியும் நகர முடியாது.

இப்போது இரண்டு தகடுகளையும் முன்பு இருந்ததைவிட 4 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடாக்குகிறோம். சட்டம் மட்டும் பழைய வெப்பநிலையிலேயே இருக்கட்டும். தட்டிப் பார்த்தால், நூலில் தொங்கும் தகட்டின் ஒலியில் வித்தியாசமே தெரியாது. கருவி வைத்து அளந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு இறங்கியிருக்கலாம். சட்டத்துக்குள் இருக்கும் தகடோ முன்பு நொடிக்கு 163 முறை அதிர்ந்தது, இப்போது 80 சொச்சம்தான் அதிர்கிறது. கிட்டத்தட்ட ஒரு முழு ஸ்தாயி கீழே.

ஒரே உலோகம், ஒரே அளவு, ஒரே சூடு. மாறியது ஓரம் மட்டும்தான். மெல்லிய தகடுகளில் வெப்பம் செய்யும் வேலையில் பெரும்பகுதி இந்த ஓரத்தில்தான் ஒளிந்திருக்கிறது. "எத்தனை டிகிரி?" என்று கேட்பதற்கு முன் "ஓரத்தை யார் பிடித்திருக்கிறார்கள்?" என்று கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

முதலில், சூடே இல்லாமல் ஒரு தகடு எப்படி அதிர்கிறது? அதை லேசாக வளைத்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். இப்படித் திருப்பி இழுக்கும் குணத்தை விறைப்பு என்கிறோம். திரும்பி வந்த தகடு அங்கேயே நின்றுவிடாது. அதன் நிறை அதை மறுபக்கம் தள்ளிக்கொண்டு போகும். இந்த இழுபறி நொடிக்கு எத்தனை முறை நடக்கிறது என்பதுதான் இயல் அதிர்வெண். விறைப்பு கூடினால் அதிர்வெண் கூடும், நிறை கூடினால் குறையும். இரண்டும் வர்க்கமூலக் கணக்கில் வரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அதாவது அதிர்வெண் பாதியாக வேண்டுமென்றால் விறைப்பு கால் பங்காக வேண்டும்.

ஒரு தகட்டுக்கு ஒரே ஒரு அதிர்வெண் என்பதும் இல்லை. நடுப்பகுதி முழுக்க ஒன்றாக மேலும் கீழும் போவது முதல் பாங்கு. ஒரு பாதி மேலே போகும்போது மறு பாதி கீழே போவது அடுத்தது. இப்படிப் போய்க்கொண்டே இருக்கும். 1787இல் ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் கிளாட்னி தகட்டின் மேல் மணலைத் தூவி, ஓரத்தில் வில்லைத் தேய்த்து, இந்தப் பாங்குகளைக் கண்ணுக்கே காட்டினார். அசையாத கோடுகளில் மணல் போய்ச் சேர்ந்து அழகான கோலங்கள் விழும். அந்தக் கோலங்களுக்குக் கணிதம் எழுத பிரெஞ்சு அறிவியல் கழகம் பரிசு அறிவித்தது. மூன்றாவது முயற்சியில், 1816இல், சோஃபி ஜெர்மைன் அந்தப் பரிசை வென்றார். ஓரங்களில் என்ன நடக்கிறது என்பதில் அவருடைய கணக்கில் குறை இருந்தது. அதை 1850இல் ஜெர்மன் இயற்பியலாளர் கிர்க்காஃப் சரிசெய்தார். பாருங்கள், அப்போதே ஓரம்தான் தகராறு!

கிளாட்னியின் தகடுகள் நடுவில் பிடிக்கப்பட்டு, ஓரங்கள் சும்மா விடப்பட்டவை. அவற்றைச் சீராகச் சூடாக்கியிருந்தாலும் கோலங்கள் ஏறக்குறைய அப்படியேதான் விழுந்திருக்கும்.

சரி, வெப்பத்துக்கு வருவோம். அது தகட்டை இரண்டு வழிகளில் தொடுகிறது.

முதல் வழி, உலோகத்தையே தளர்த்துவது. ஓர் உலோகம் இழுப்பையும் அமுக்கத்தையும் எவ்வளவு எதிர்க்கிறது என்பதன் அளவு யங் குணகம். சூடு ஏற ஏற அது குறையும், அதோடு விறைப்பும் குறையும். ஆனால் இது நிதானமாக நடக்கும் காரியம். கட்டடங்களின் தீப்பாதுகாப்பைக் கணக்கிட ஐரோப்பியப் பொறியாளர்கள் பயன்படுத்தும் யூரோகோட் 3 விதிகளில், எஃகின் யங் குணகம் 100 டிகிரி வரை குறைவதாகவே எடுத்துக்கொள்வதில்லை. 400 டிகிரியில் அது 70 சதவீதம், 600 டிகிரியில் 31 சதவீதம். வர்க்கமூலம் எடுத்தால் 400 டிகிரியில்கூட அதிர்வெண் 84 சதவீதத்துக்குத்தான் இறங்கும். அடுப்புச் சூட்டில் வைத்தும் ஆறில் ஒரு பங்குதான் போகிறது. 4 டிகிரிக்கு ஒரு ஸ்தாயி இறங்கியதை இதைக் கொண்டு விளக்க முடியாது.

சூட்டில் தகடு பெரிதாகிறதே, அதனால் அதிர்வெண் மாறாதா என்று கேட்கலாம். மாறும், ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் பக்கம் இல்லை. நீளமும் அகலமும் கூடுவது அதிர்வெண்ணைக் குறைக்கப் பார்க்கும். தடிமனும் சேர்ந்து கூடுவது அதைவிட அதிகமாக உயர்த்திவிடும். மிச்சமாக நிற்பது ஒரு மிகச் சிறிய ஏற்றம். எஃகில் 100 டிகிரிக்குப் பத்தாயிரத்தில் ஆறு பங்கு. மறந்துவிடலாம்.

இரண்டாவது வழிதான் நம் கதாநாயகன்.

ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே நீளவாக்கில் நிறுத்தி, மெதுவாக அழுத்திப் பாருங்கள். வளையும் அளவுக்கு வேண்டாம், அதற்குக் கொஞ்சம் முன்பே நிறுத்துங்கள். இப்போது யாரையாவது அதன் நடுவில் விரலால் லேசாகத் தள்ளச் சொல்லுங்கள். எதிர்ப்பே இல்லாமல் தொளதொளவென்று போகும். அதே ஸ்கேலின் இரு முனைகளையும் பிடித்து இழுத்துக்கொண்டு தள்ளச் சொன்னால் விறைப்பாக நிற்கும். ஸ்கேல் அதேதான், பிளாஸ்டிக்கும் அதேதான். உள்ளே ஓடும் விசைதான் வேறு.

ஏன் இப்படி? அழுத்தத்தில் இருக்கும் தகடு ஒரு பக்கம் கொஞ்சம் பிதுங்கினால், ஓரங்களிலிருந்து தள்ளும் விசை "இன்னும் போ" என்று அதே பக்கமே தள்ளும். தகட்டின் சொந்த விறைப்பு "திரும்பி வா" என்று இழுக்கும். இந்த இரண்டின் கழித்தல் கணக்குதான் மிஞ்சும் விறைப்பு. இழுவிசையில் அது கூட்டல் கணக்காகிவிடும். தம்புராவின் தந்தியை முறுக்கினால் சுருதி ஏறுவதும் அதனால்தான்.

சட்டத்துக்குள் இருக்கும் தகட்டைச் சூடாக்கும்போது அது விரியப் பார்க்கிறது, இடமில்லை. விரிய முடியாத விரிவு முழுவதும் அமுக்க விசையாக மாறித் தகட்டுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. ஸ்கேலை நாம் கையால் அழுத்தியதைத் தகடு தனக்குத்தானே செய்துகொள்கிறது. சூடு கூடக் கூட இந்த அமுக்கம் கூடும், மிஞ்சும் விறைப்பு குறையும். ஒரு கட்டத்தில் மிஞ்சுவது பூஜ்யம். அங்கே தகடு ஒரு பக்கமாக வளைந்து பிதுங்கிவிடும். பொறியாளர்கள் இதை பக்ளிங் என்பார்கள், நாம் நெளிதல் என்று சொல்வோம். நீளமான தூண்கள் எந்தச் சுமையில் இப்படி வளையும் என்பதை ஆய்லர் 1744இலேயே கணக்கிட்டுவிட்டார். கோடை வெயிலில் தண்டவாளம் பாம்புபோல் நெளிவதும் இதே கதைதான்.

நெளிய வைக்கும் அந்த வெப்பநிலை உயர்வை எல்லை வெப்பம் என்று வைத்துக்கொள்வோம். நம் தகட்டுக்கு அது சுமார் 5.4 டிகிரி. எழுத்துப்பிழை இல்லை, 54 அல்ல, 5.4தான். அந்தச் சூட்டில் தகடு சுதந்திரமாக விரிந்திருந்தால் 300 மில்லிமீட்டரில் 0.04 மில்லிமீட்டர்கூட நீண்டிருக்காது. ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லாத அந்த விரிவுக்கு இடம் கொடுக்காததுதான் இத்தனைக்கும் காரணம்.

எல்லை வெப்பத்தை எட்டும் வரை கணக்கு எளிது. அதிர்வெண்ணின் வர்க்கம் நேர்கோட்டில் இறங்கும். எல்லையில் பாதி தூரம் போனால் விறைப்பு பாதி, அதிர்வெண் 71 சதவீதம், அதாவது 115 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 115 அதிர்வுகள்). முக்கால் தூரம் போனால் விறைப்பு கால், அதிர்வெண் பாதி. நம் 4 டிகிரி கிட்டத்தட்ட அந்த முக்கால் புள்ளிதான். கடைசிக் கால்வாசித் தூரத்தில் அதிர்வெண் மலைச்சரிவில் உருளும் கல்போல் விழும்.

முதல் பாங்கைவிட அதிர்வெண் கூடிய பாங்குகள் இவ்வளவு அடிபடுவதில்லை. நம் தகட்டின் இரண்டாவது பாங்கு குளிரில் சுமார் 408 ஹெர்ட்ஸ். முதல் பாங்கு பூஜ்யத்தைத் தொடும் அதே நேரத்தில் இது சுமார் 316 ஹெர்ட்ஸில் நிற்கும். சின்னச் சின்ன மடிப்புகளாக அதிரும் பாங்குகளுக்குச் சொந்த விறைப்பு அதிகம் என்பதால் அமுக்கம் அவற்றை அவ்வளவு சுலபமாக அசைக்க முடியாது.

இந்த எல்லை வெப்பத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அந்தச் சூத்திரத்தில் யங் குணகமே கிடையாது. விறைப்பான உலோகம் வளைவதை அதிகமாக எதிர்க்கும், உண்மை. ஆனால் விரிய விடாமல் பிடித்தால் அதே அளவு அதிகமாகத் தள்ளவும் செய்யும். இரண்டும் அடிபட்டுப் போகின்றன. "இன்னும் உறுதியான உலோகம் போட்டால் நெளியாது" என்ற உள்ளுணர்வு இங்கே பலிக்காது. மிஞ்சுவது வெப்ப விரிவுக் குணகமும், தடிமனுக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதமும்தான், பாய்சான் விகிதம் (ஒரு பக்கம் இழுத்தால் குறுக்கே எவ்வளவு சுருங்கும் என்பதன் அளவு) ஓரமாகத் தலைகாட்டும். தடிமன், நீள விகிதம் வர்க்கமாக வருகிறது. ஆகவே தடிமனை இரட்டித்தால் எல்லை வெப்பம் நான்கு மடங்கு. நம் தகட்டை 1 மில்லிமீட்டருக்கு மெலிதாக்கினால் எல்லை 0.6 டிகிரி! மூச்சுக்காற்று பட்டால் போதும் போலிருக்கிறது.

எஃகு கொஞ்சம் தேவலாம். அதன் விரிவுக் குணகம் அலுமினியத்தில் பாதி என்பதால் அதே 3 மில்லிமீட்டர் தகட்டுக்கு எல்லை சுமார் 10.5 டிகிரி. இன்வார் என்ற இரும்பு நிக்கல் கலவையில் செய்தால் 100 டிகிரியை ஒட்டி வரும். இன்வாரை 1896இல் கண்டுபிடித்தவர் ஷார்ல் எடுவார்ட் கியோம். 1920இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அதே மனிதர் எலின்வார் என்று இன்னொரு கலவையையும் உருவாக்கினார். இன்வார் சூட்டில் நீளம் மாறாதது, எலின்வார் சூட்டில் மீள்குணம் மாறாதது. வெப்பம் அதிர்வைத் தொடும் இரண்டு வழிகளுக்கும் ஆளுக்கொரு பூட்டு. அவர் மனத்தில் இருந்தவை அளவுகோல்களும் கடிகாரச் சுருள்வில்களும்தான், தகடுகள் அல்ல. இருந்தாலும் பொருத்தம் அழகாக இருக்கிறது.

நெளிந்த பிறகு?

பூஜ்யத்தைத் தொட்டதோடு கதை முடிவதில்லை. மேலும் சூடாக்கினால் அதிர்வெண் திரும்ப ஏற ஆரம்பிக்கும்! நெளிந்த தகடு இப்போது தட்டையாக இல்லை, மெல்லிய குவிமாடம்போல் ஆகிவிட்டது. வளைந்த வடிவத்துக்குத் தனி விறைப்பு உண்டு. ஒரு காகிதத்தைத் தட்டையாகப் பிடித்தால் தொங்கிவிடும், கொஞ்சம் வளைத்துப் பிடித்தால் நிற்கும் அல்லவா? சூடு ஏற ஏற வளைவு கூடும், விறைப்பும் கூடும். எளிய கணக்குப்படி எல்லை வெப்பத்தைப்போல் ஒன்றரை மடங்கில், நம் தகட்டுக்கு 8 டிகிரி வாக்கில், முதல் அதிர்வெண் பழைய 163 ஹெர்ட்ஸுக்கே திரும்பிவிடும். ஒலியை மட்டும் கேட்டுவிட்டு "தகட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று சொன்னால் ஏமாந்துபோவீர்கள்.

நிஜத் தகடுகளில் அதிர்வெண் பூஜ்யம் வரை போவதே அபூர்வம். எந்தத் தகடும் கண்ணாடிபோல் தட்டையாக இருப்பதில்லை, பிறக்கும்போதே ஒரு சிறு கோணல் இருக்கும். அதனால் அது ஒரு குறிப்பிட்ட நொடியில் படாரென்று நெளியாமல், ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்ல வளைந்துகொண்டு போகும். வரைபடத்தில் கூர்மையான பள்ளத்துக்குப் பதில் உருண்டையான பள்ளத்தாக்கு ஒன்று கிடைக்கும்.

நெளிந்த தகட்டுக்கு இரண்டு வீடுகள் உண்டு, மேலே ஒன்று, கீழே ஒன்று. பலமாக உலுக்கினால் ஒரு வீட்டிலிருந்து இன்னொன்றுக்கு டப்பென்று தாவும். டப்பா மூடியின் நடுவை அமுக்கினால் கேட்குமே, அந்தச் சத்தம். சூடு அளவு மீறாமல் காக்கும் சில சாதனங்களில் இதையே வேலைக்கு வைத்திருக்கிறார்கள். இரண்டு உலோகங்களை ஒட்டிய சிறு வட்டத் தகடு குறித்த சூட்டில் மறுபக்கம் தாவி மின்சாரத்தைத் துண்டிக்கும். ஆனால் ஜெட் எஞ்சினின் பேரிரைச்சலுக்குப் பக்கத்தில் இருக்கும் சூடான விமானத் தகடு ஒன்று இப்படித் தாவிக்கொண்டே இருந்தால் சீக்கிரமே விரிசல் விடும். அதிவேக விமானங்களை வடிவமைப்பவர்களுக்கு இது பெரிய தலைவலி.

அவர்கள் கண்ட வழிகளில் ஒன்று, தகட்டை விரிய விடுவதுதான். ஒலியைப்போல் மூன்று மடங்குக்கு மேல் வேகத்தில் பறந்த எஸ்ஆர்-71 விமானத்தின் இறக்கைத் தோலில், காற்று ஓடும் திசையிலேயே நெளிவரிகள் போட்டிருந்தார்கள். சூட்டில் தோல் விரியும்போது வரிகள் கொஞ்சம் ஆழமாகும், அவ்வளவுதான். தட்டையான தோலாக இருந்திருந்தால் கன்னாபின்னாவென்று முறுக்கிக்கொண்டிருக்கும். ஒலியை மிஞ்சிய வேகத்தில் பறந்த கான்கார்ட் பயணிகள் விமானம் அந்தச் சூட்டில் 15 சென்டிமீட்டருக்கும் மேல் நீண்டது. அதை நீளவிட்டார்கள், தடுக்கவில்லை.

எல்லா இடமும் ஒரே சூடு இல்லையென்றால்

இதுவரை தகடு முழுக்க ஒரே வெப்பநிலை என்று வைத்துக்கொண்டோம். நிஜத்தில் அப்படி அமைவது குறைவு. ஓர் இடம் சூடாகவும் பக்கத்து இடம் குளிர்ச்சியாகவும் இருந்தால், ஓரங்களை யாரும் பிடிக்காவிட்டாலும் தகட்டுக்குள் விசைகள் பிறக்கும். குளிர்ந்த பகுதியே சூடான பகுதிக்குச் சட்டமாகிவிடும்.

இதற்கு வட்ட ரம்பத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. மரம் அறுக்கும்போது உராய்வில் ரம்பத்தின் வெளி விளிம்பு சூடாகிறது, நடுப்பகுதி குளிர்ச்சியாகவே இருக்கிறது. விளிம்பு விரியப் பார்க்க, நடுப்பகுதி விடாமல் பிடிக்க, விளிம்பில் அமுக்கம் ஏறும். ரம்பம் தளர்ந்து ஆட ஆரம்பிக்கும், அறுப்பு கோணலாகும். இதைச் சமாளிக்க, ரம்பத் தகட்டின் உட்பகுதியை முன்கூட்டியே சுத்தியலால் தட்டியோ உருளையால் அழுத்தியோ லேசாகப் பரப்பிவிடுவார்கள். அதனால் விளிம்பு முதலிலேயே இழுவிசையில் இருக்கும். அறுக்கும்போது வரும் சூடு அந்த இழுவிசையைத்தான் முதலில் தின்ன வேண்டும். சமன்பாடு எதுவும் எழுதாமலேயே கைவினைஞர்கள் கண்ட தீர்வு இது.

இதைத் திருப்பியும் போடலாம். ரம்பத்தின் உட்பகுதியை வேண்டுமென்றே சூடாக்கினால் விளிம்பு இழுபடும், விளிம்பு அலை அலையாக ஆடும் பாங்குகளின் அதிர்வெண் ஏறும். ஆக, சூடாக்கினால் அதிர்வெண் குறையும் என்று மொட்டையாக மனப்பாடம் செய்யக் கூடாது. எங்கே சூடு, எங்கே பிடி என்பதைப் பொறுத்து அது எந்தப் பக்கமும் போகும்.

சூடு தடிமன் வழியாக மாறினால் இன்னொரு விளைவு. மேற்பரப்பு சூடாகவும் அடிப்பரப்பு குளிர்ச்சியாகவும் இருந்தால் மேற்பரப்பு அதிகம் விரிந்து தகடு வளையும். இது திடீரென்று நடந்தால் வெப்பமே தகட்டை ஆட்டிவிடும், வெளியிலிருந்து யாரும் தட்ட வேண்டியதில்லை. 1990இல் ஏவப்பட்ட ஹபிள் விண்தொலைநோக்கியில் இதன் உறவுக்கார விளைவு ஒன்று தெரிந்தது. பூமியின் நிழலிலிருந்து வெயிலுக்கும், வெயிலிலிருந்து நிழலுக்கும் போகும்போதெல்லாம் அதன் சூரியப் பலகைகளைத் தாங்கிய மெல்லிய தண்டுகள் வளைந்து நடுங்கின. தொலைநோக்கியின் பார்வையும் சேர்ந்து நடுங்கியது. 1993 டிசம்பரில் போன பழுதுபார்ப்புக் குழு அந்தப் பலகைகளையே மாற்றியது.

கடைசியாக, இதைக் கணினியில் முதல்முறை கணக்கிடப் போகிறவர்களுக்கு. பலரும் செய்வது, சூட்டுக்கு ஏற்ப யங் குணகத்தை மட்டும் குறைத்துவிட்டு அதிர்வெண்ணைக் கேட்பது. அப்படிச் செய்தால் முதல் வழி மட்டும்தான் கணக்கில் வரும், விடை கிட்டத்தட்ட மாறாமல் நிற்கும். முதலில் வெப்பத்தால் தகட்டுக்குள் என்ன விசை பிறக்கிறது என்று தனியே கணக்கிட்டு, அந்த விசையோடு சேர்த்துத்தான் அதிர்வுக் கணக்கைப் போட வேண்டும். இரண்டு படிகள்.

அப்புறம் எதிர்ப்பக்கத் தவறு ஒன்று. எல்லா ஓரங்களையும் துளியும் நகராதபடி பூட்டிவிட்டால், சில டிகிரியிலேயே தகடு நெளிந்துவிட்டதாக மென்பொருள் சொல்லும். நிஜத்தில் போல்ட்டுகள் கொஞ்சம் வழுக்கும், சட்டம் கொஞ்சம் இளகும். தகடும் சட்டமும் ஒரே உலோகமாக இருந்து, இரண்டும் சேர்ந்தே சூடானால் அமுக்கம் பிறக்கவே பிறக்காது. ஓரங்கள் திரும்பவும் முடியாதபடி இறுக்கியிருந்தால் நம் 5.4 டிகிரி சுமார் 14 டிகிரி ஆகும். ஆகவே சோதனையில் வந்த எண்ணும் கணினி தந்த எண்ணும் ஒத்துப்போகவில்லையென்றால், உலோகத்தின் அட்டவணையைப் புரட்டுவதற்கு முன் போல்ட்டுகளைப் போய்ப் பாருங்கள். சட்டத்தின் மேலும் ஒரு வெப்பமானியை ஒட்டிவையுங்கள்.